சைக்கிள் பட்டாளத்துக்காரரும் என் அம்மாவும்

கண்ணை மூடிக்கொண்டே என் காலடிச் சத்தத்தை அறிந்துகொள்ளும் என் அம்மாவுக்கு,

இங்கே பனி கரையத் தொடங்கிவிட்டது. ஸ்காபரோவில், மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளிக் குவித்த பனிமேடு கறுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. நீங்கள் இருந்தால் யன்னலோரம் நின்று, உது இன்னும் போகேல்லையே என்று அலுத்திருப்பீர்கள். நீங்கள் போன பிறகு வருகிற முதல் வசந்தம் இது. அங்கே காலங்கள் மாறுமா அம்மா? இல்லை, தைப்பிங்கைப் போல எந்நேரமும் மழைதானா?

போன கிழமை யுமி வந்தாள், மொரித்தா அங்கிளின் மகள். அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல முதல் உங்களோடு கதைக்க வேண்டும் போல இருந்தது. இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாத ஆட்களும் வாசிப்பார்கள். ஆனபடியால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குத் திரும்பச் சொல்லப் போகிறேன். கேட்டுக்கொண்டே நித்திரையானாலும் பரவாயில்லை.

நீங்கள் மலாயாவில் பிறந்தவர் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். உங்கள் ஐயா அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்தார். தைப்பிங் என்று ஒரு மழை ஊர், ரயில்வே குவாட்டர்ஸ், முன்னுக்குப் பெரிய மழைமரங்கள். இவ்வளவுதான் நீங்கள் சொல்லுவீர்கள். அங்கே உங்களுக்கு ஞானம் என்று ஓர் அண்ணை இருந்தார் என்பதையும் ஒருமுறை சொன்னீர்கள். யப்பான்காரன் கொண்டுபோனவன், வரேல்லை என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்டால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவீர்கள்.

சண்டை முடிந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பி, கலியாணம் கட்டி, என்னைப் பெற்று, அப்பாவையும் இழந்து, கடைசியில் என்னிடம் ரொறன்ரோவுக்கு வந்தீர்கள். வந்த இரண்டாம் வருடம் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார் டொக்டர். கிழமைக்கு மூன்று நாள் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் சனி ஞாயிறு பன்னிரண்டு மணித்தியால ஷிஃப்ட் எடுத்துக்கொண்டு மற்ற நாட்களில் உங்களோடு வந்தேன்.

அந்த டயலிசிஸ் அறையை நான் இப்போதும் கனவில் காண்கிறேன். சாய்நாற்காலிகளின் வரிசை. ஒவ்வொருவர் கையிலிருந்தும் இரத்தம் குழாய்க்குள் புறப்பட்டு, மெசினைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். பெரிய யன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கும். உள்ளே எல்லாரும் போர்வைக்குள் பாதி நித்திரையில் இருப்பார்கள். உங்கள் கண் சொருகும். உதடு ஏதோ சொல்லும். அது தமிழில்லை என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

ஒரு பின்னேரம் பக்கத்து நாற்காலிக் கிழவர் ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். மிசு, மிசு என்று. மெலிந்த, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். நேர்ஸ் அவருடைய தலையணையைச் சரிசெய்து பார்த்தார், போர்வையை இழுத்துப் பார்த்தார். கிழவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அப்போது நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "அவர் தண்ணி கேக்கிறார்" என்றீர்கள்.

நான் நேர்ஸுக்குச் சொன்னேன். உங்களுக்கெல்லாம் தண்ணீர் அளவோடுதானே. ஒரு பேப்பர் கோப்பையில் ஐஸ் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். கிழவர் அதை வாயில் போட்டுக்கொண்டு உங்களைப் பார்த்தார். நீங்கள் யப்பான் பாஷையில் ஏதோ சொன்னீர்கள். அவர் கண் விரிந்ததை நான் மறக்கமாட்டேன். எனக்கோ என்னுடைய அம்மாவுக்குள்ளிருந்து வேறு யாரோ எழும்பிக் கதைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் சொன்னீர்கள். யப்பான்காரர் வந்தபோது உங்களுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷை நிற்பாட்டி யப்பான் பாஷை படிப்பித்தார்கள். விடிய முற்றத்தில் நின்று தோக்கியோ இருக்கும் பக்கம் இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். ஊர் மணிக்கூடுகளையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டதால், சூரியன் வராத இருட்டிலேயே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். "காலமை எட்டு மணியெண்டுவினம், வெளியில விடிஞ்சிருக்காது. நித்திரையிலயே நடக்கிற மாதிரி" என்றீர்கள்.

அந்தக் கிழவர்தான் மொரித்தா அங்கிள், மனைவி இறந்தபின் யப்பானிலிருந்து மகளிடம் வந்தவர். இங்கிலிஷ் சரிவராது. உங்கள் யப்பான் பாஷையோ பள்ளிக்கூடப் பிள்ளையின் பாஷை. ஆனால் உங்கள் இருவருக்கும் மலாய் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஒரு சொல் அதில், ஒரு சொல் இதில், நடுவில் கையசைவு. அப்படித்தான் கதைத்தீர்கள். பிறகு எனக்குத் தமிழில் சொல்லுவீர்கள். மலாய் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டபோதுதான் அவர் சொன்னார், தான் பட்டாளத்தில் அந்த நாட்டுக்கு வந்தவன் என்று. நீங்கள் உங்கள் ஊரைச் சொன்னதும் மெதுவாக, "தைப்பிங்?" என்றார். கையைக் கூரை போலப் பிடித்து விரல்களால் மழை காட்டினார்.

உங்கள் முகம் எப்படி மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. நீங்களும் விரல்களால் மழை காட்டினீர்கள்.

அந்தக் கிழமைகளில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே யுத்தத்தைக் கேட்டேன். அவர்கள் வடக்கே கரையிறங்கி, மழைக்குள் தெற்கு நோக்கி ஓடியதாக அவர் சொன்னார். பெரிய பீரங்கிக்கும் சாப்பாட்டு லொறிக்கும் காத்திருக்கவில்லை. முதுகில் துவக்கு, இடுப்பில் துணிச்சுருளில் அரிசி, காலுக்குக் கீழே சைக்கிள். வெள்ளைக்காரன் பாலத்தை உடைத்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். ரோட்டை மறித்தால் ரப்பர் தோட்டத்துக்குள்ளாலும் சதுப்புக்குள்ளாலும் வளைந்து போய் அவனுக்குப் பின்னால் எழும்புவார்கள். அவன் விட்டுவிட்டு ஓடிய களஞ்சியத்தில் சாப்பிடுவார்கள். நிற்க விடாதே, நீயும் நிற்காதே. அவர்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

நீங்கள் யன்னல் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். முதலில் கேட்டது சத்தம். ரயர் வெடித்துப்போன சைக்கிள்களை அவர்கள் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கில் அப்படி வர, மலைக்குப் பின்னாலிருந்து டாங்கிகள் வருகின்றன என்று ஊர் நினைத்தது. பிறகு புகார்மூட்டம் விலகி, தொப்பியில் இலை செருகிய பொடியன்கள் தெரிந்தார்கள். நித்திரையில்லாத முகங்கள். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் படியேறி வந்து ஞானம் மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா காற்றடிக்கிற பம்பையும் எடுத்து நீட்டினாராம், பயத்தில்.

மொரித்தா அங்கிள் இதைக் கேட்டுத் தன்னுடைய சைக்கிளும் ஒரு வீட்டில் எடுத்ததுதான் என்றார். எந்த ஊர் என்று ஞாபகமில்லையாம். "ஆரோ ஒரு பிள்ளை யன்னலுக்குள்ளால பார்த்திருக்கும்" என்று நீங்கள் தமிழில் எனக்குச் சொன்னீர்கள். அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிறகு ஒருநாள் ஞானம் மாமாவினதும் உங்கள் ஐயாவினதும் கதை வந்தது. மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயதிருக்கும். தியேட்டரில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று ஊரில் சொன்னார்கள். அரிசியில்லாமல் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்த காலத்தில் ஒரு படம். மாமா சீப்பால் தலையிழுத்துக்கொண்டு போனார். படம் நடுவில் நின்றது. கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. வெளியே லொறிகள் நின்றன. இளம் ஆம்பிளைகள் எல்லாரையும் ஏற்றினார்கள். அந்த நாளில் சீயம் என்ற தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவில் பட்டாளத்துக்கு ரயில்பாதை போட ஆட்கள் வேண்டியிருந்தது.

ஐயா மறுநாள் யப்பான் பட்டாளத்துக் கந்தோருக்குப் போய் மகனைக் கேட்டார். காவலுக்கு நின்றவன் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி கீழே விழும்வரைக்கும் அறைந்தான்.

மொரித்தா அங்கிள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார், தங்கள் பட்டாளம் அப்படித்தான் நடந்தது என்று. அதிகாரி சாஜனுக்கு அறைவான். சாஜன் பழைய சிப்பாய்க்கு. பழையவன் புதியவனுக்கு. புதியவனுக்குக் கீழே யாருமில்லை, ஆகவே அவன் ஊர்ச் சனத்துக்கு அறைந்தான். நானும் வாங்கினேன், நானும் கொடுத்தேன் என்றார்.

நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள். பிறகு சொன்னீர்கள். "எங்கட ஐயாவுக்குக் கீழையும் நாங்கள் இருந்தனாங்கள். அவர் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. வீட்டை வந்து கண்ணாடியைத் துடைச்சார்."

அதன் பிறகுதான் கேட்டீர்கள், நீ சீயம் போனாயா என்று. அவர் ஓம் என்று தலையாட்டினார். அடுத்த முறை நீங்கள் நேர்ஸிடம் வேறு நாற்காலி கேட்டீர்கள்.

குளிர்காலத்தின் முன்பாதி முழுவதும் அறையின் மறுகரையில், யன்னலில்லாத சுவர்ப்பக்கம் படுத்திருந்தீர்கள். மொரித்தா அங்கிள் உள்ளே வரும்போது உங்கள் பக்கம் தலையைக் குனிவார். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஆனால் நீங்கள் நித்திரையில்லை என்று எனக்குத் தெரியும். ரீவியில் யாழ்ப்பாணத்துச் சனம் மூட்டைகளோடு மழைக்குள் நடந்து வெளியேறியதைக் காட்டினார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்கே பார்த்தாலும் பட்டாளம்தான் முதலில் சைக்கிளைப் பறிக்கும் என்றீர்கள்.

பிறகு அவர் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. அந்த நாற்காலியில் வேறு ஆள் படுத்திருந்தார். நேர்ஸிடம் போய்க் கேட்டுவா பிள்ளை என்றீர்கள். நிமோனியா, மேல்மாடி வார்டில் வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னேன். அவர் திரும்பி வந்த நாளில் பாதி ஆளாயிருந்தார். நீங்கள் என்னைக் கேட்காமலே நேர்ஸைக் கூப்பிட்டு, உங்களுடைய சொந்த இங்கிலிஷில், "மை ஓல்ட் செயர்" என்றீர்கள்.

அவருக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டீர்களா என்று அன்று பஸ்ஸில் கேட்டேன். "உது எனக்குத் தெரியாது பிள்ளை" என்றீர்கள். "அவர் இல்லாட்டி எனக்கு அந்த நேரம் போகுதில்லை."

அவர் மிச்சத்தைச் சொன்னது அந்த மாசி மாதத்தில்தான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. உங்கள் இருவர் குரலும் நித்திரையிலிருப்பவர்களின் குரல் போல இருந்தது.

மலாயாவில் வென்றபடியே பர்மாவிலும் வெல்லலாம் என்று அவர்களுடைய தலைவர்கள் நினைத்தார்களாம். இந்தியாவின் எல்லை மலைகளுக்குள் அனுப்பினார்கள். கொஞ்சச் சாப்பாடுதான் கொடுத்தார்கள், மிச்சத்தை எதிரியிடம் பறித்துச் சாப்பிடு என்றார்கள். இறைச்சிக்கென்று கூட்டிப்போன மாடுகள் ஆற்றோடு போயின. இந்த முறை எதிரி ஓடவில்லை. மழை வந்தது. பின்வாங்கு என்ற சொல்லை எந்த அதிகாரியும் வாயால் சொல்ல விரும்பவில்லை, ஆனபடியால் அவர்கள் கிடந்து பட்டினியிருந்தார்கள். கடைசியில் திரும்பி நடந்தபோது, நடக்க முடியாதவர்கள் வழியோரம் குந்தினார்கள். பிடிபடுவது குடும்பத்துக்கே அவமானம் என்று படிப்பிக்கப்பட்டவர்கள். கையில் ஒரு கைக்குண்டைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நடப்பார்கள். கொஞ்சத் தூரம் போனபின் பின்னால் சத்தம் கேட்கும். அவருடைய ஊர்ச் சிநேகிதன் ஒருவனும் அப்படிக் குந்தினான். அவன் போகச் சொல்லிக் கைகாட்டினான். இவர் போனார்.

மலேரியாவோடு அவரை ஒரு ரயிலில் ஏற்றினார்கள். அது ஞானம் மாமாவைப் போன்றவர்கள் போட்ட பாதை. முன்னால் பாலத்தில் குண்டு விழுந்ததால் காட்டுக்குள் ஓரிடத்தில் ரயில் நின்றது. நோயாளிகளை இறக்கி வைத்தார்கள். அங்கே மூங்கில் கொட்டில்களில் தமிழ் ஆட்கள் இருந்தார்கள், பாதையைத் திருத்துவதற்காக. எலும்பும் தோலுமாக. யாரையும் பெயர் கேட்கவில்லை என்றார். மாமாவைத் தெரியாது என்றார். தெரியும் என்று பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நீங்கள் நெடுநேரம் யன்னலைப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "செத்தவையை என்ன செய்தவை?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஐம்பது வருடமாக உங்கள் தொண்டையில் நின்றது இந்தக் கேள்விதான் என்று. ஆற்றில் எறிந்தார்களா, குழியில் தள்ளினார்களா, நாய் நரிக்கு விட்டார்களா? உங்கள் அம்மா சாகும்வரை மகனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய விடவில்லை. அவன் எரிந்ததைக் கண்டவன் வந்து சொல்லட்டும் என்பாராம்.

மொரித்தா அங்கிள் குழாய் பூட்டாத கையை உயர்த்தி, விரல்களை நெருப்புப் போல அசைத்தார். ஆற்றங்கரையில், பின்னேரங்களில், அந்த ஆட்களே மூங்கிலும் விறகும் அடுக்கி எரித்தார்கள் என்றார். எல்லாரும் சேர்ந்து ஒரு சொல் சொல்லுவார்களாம். முதலில் தங்களுக்கு எதிராகக் கத்துகிறார்கள் என்று காவற்காரர் பயந்தார்கள். பிறகு விளங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லை அவர் நினைவிலிருந்து தேடினார். வாய் இரண்டு மூன்று முறை அசைந்தது.

"அரோ... கரா" என்றார்.

அந்த யப்பான்காரரின் வாயிலிருந்து, ஸ்காபரோவில், பனிக்கால வெளிச்சத்தில் அந்தச் சொல் வந்தது. நீங்கள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டீர்கள். மெசின் கீச்சிட்டது, குழாயை நீங்கள் அசைத்ததால். நேர்ஸ் ஓடிவந்தார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன்.

எல்லாருக்கும் அப்படி நடந்ததா அம்மா? கொள்ளைநோய் வந்த மாதங்களில் விறகு அடுக்க ஆட்கள் இருந்தார்களா? நீங்கள் அதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நானும் இன்றுவரை அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த அமாவாசைக்கு நாங்கள் கோயிலுக்குப் போனோம். தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பழைய பண்டகசாலைக்குள் இருக்கும் கோயில். ஐயர் இறந்த திகதி கேட்டார், தெரியாது என்றீர்கள். இடம் கேட்டார், ஒரு காடு என்றீர்கள். கொள்ளி வைத்தவர் யார் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் என்றீர்கள். ஆம்பிளைப் பிள்ளையள் இல்லையோ என்று தயங்கினார்.

"மிச்சம் நான்தான் ஐயா" என்றீர்கள்.

ஐயர் அதற்கு மேல் தயங்கவில்லை. தருப்பையை உங்கள் விரலில் போட்டார். தகனம் நடந்ததுதானே, இல்லாவிட்டால் தருப்பையால் உருவம் செய்து எரிக்க வேண்டும் என்றார். நீங்கள் நிமிர்ந்து, "ஓம், நடந்தது. ஆத்தங்கரையில" என்றீர்கள். அவ்வளவு உறுதியான குரலை நான் உங்களிடம் அதற்கு முதல் கேட்டதில்லை. பிறகு ஏரிக்கரைக்குப் போய், கரையோர ஐஸை என் சப்பாத்தால் உடைத்து, பிண்டத்தைக் கரைத்தோம். ஏரி கடல் போலக் கிடந்தது, மறுகரை தெரியாமல். வீட்டுக்கு வந்து மாலை முழுவதும் நித்திரை கொண்டீர்கள்.

உங்களுக்கும் நான்தான் மிச்சம் அம்மா. மார்கழியில் உங்களை அனுப்பிவைத்தபோது மொரித்தா அங்கிளை யுமி சக்கர நாற்காலியில் கூட்டிவந்தாள். சனம் யாரென்று பார்த்தது. பெட்டிக்கு முன்னால் அவர் மகளின் கையைப் பிடித்து எழும்பினார். எழும்பக்கூடாத ஆள். இடுப்பிலிருந்து வளைந்து கும்பிட்டு, நெடுநேரம் அப்படியே நின்றார். உங்களுக்குப் பத்து வயதில் தினமும் கும்பிடச் சொல்லித் தந்த அதே கும்பிடு என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இப்போது அவருக்குப் பேச்சுப் போய்விட்டது. தை மாதத்தில் பாரிசவாதம் வந்தது. போன கிழமை யுமி எங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் வழமையாய் இருந்த சோபாவின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். தகப்பன் தன்னிடம் ஒருநாளும் யுத்தத்தைப் பற்றிச் சொன்னதில்லை என்றாள். கேட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவாராம். உன் அம்மாவிடம் மட்டும் ஏதோ சொல்லியிருக்கிறார், என்ன சொன்னார் என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கெட்டதாக இருந்தாலும் சொல் என்றாள்.

நான் உடனே சொல்லவில்லை. அவருடைய கதை யப்பான் பாஷையிலிருந்து மலாய்க்கு வந்து, உங்கள் வாயால் தமிழாகி, இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? தகப்பன் மறைத்ததை ஒரு மகளுக்குத் திறந்துவிடலாமா? இந்த ஒரு கிழமையாக யோசித்தேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லுவீர்கள் என்று எனக்கு மெல்ல மெல்லக் கேட்கிறது. செய்தி தெரியாமல் ஒரு வீடு எத்தனை வருடம் காத்திருக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

ஆகவே உங்களுக்கு வாக்குத் தருகிறேன் அம்மா. வருகிற திங்கட்கிழமை பிக்கரிங்கில் யுமியின் வீட்டுக்குப் போவேன். மொரித்தா அங்கிள் கட்டிலில் படுத்திருக்க, அவருக்கும் கேட்கும்படி அங்கேயே இருந்து சொல்லுவேன். அறைந்ததையும் சொல்லுவேன், வழியோரம் குந்தியிருந்த சிநேகிதனையும் சொல்லுவேன். அவள் அழுதால் பொறுத்திருந்து மிச்சத்தைச் சொல்லுவேன். ஒன்றையும் விடமாட்டேன். எங்கே தொடங்குவது என்றுதான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். எனக்கு ஒரு மாமா இருந்தார், அவருக்குப் பெயர் ஞானம் என்று தொடங்குவேன்.

உங்கள் மகள்,
ஞானம் மாமாவின் மருமகள்,
வசந்தி